காந்தத்துக்குள் வைத்த ஆட்டெலும்பு

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் ஆலையின் சோதனைக்கூடத்தில், மின்காந்தத்தின் நடுவே உலோகத் துண்டை வைத்து எக்ஸ்ரே பாய்ச்சுவோம். உள்ளே அணுக்கள் எவ்வளவு இடைவெளி விட்டு அடுக்கப்பட்டிருக்கின்றனவோ, அதற்கேற்பக் கணினித் திரையில் முகடுகள் எழும். காந்தத்தை இயக்கினால் சில இரும்புக் கலவைகளில் அந்த முகடு மயிரிழை நகரும். அணு அடுக்கே ஒரு பக்கம் நீண்டுவிட்டது என்று அர்த்தம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. வீட்டிலும் இதையே பேசி என் கணவரின் உயிரை வாங்குவேன்.

அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். இடுப்பு வலியில் தொடங்கி, வலது பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. பிரேக் மிதிக்கிற கால். லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னதும் மாட்டேன் என்றார்.

"காந்தம் இரும்பையே நீட்டுதுன்னு நீதானே சொல்லிக்கினு இருந்தே? என் எலும்ப இன்னா பண்ணும்?"

கோபம் வந்தது. கூடவே ஆவலும் வந்தது. எலும்பிலும் நுண்ணிய படிகங்கள் உண்டு. காந்தத்துக்கு அவை அசையாது என்று படித்திருக்கிறேனே தவிர, கண்ணால் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் கிடந்த ஆட்டெலும்பைக் கழுவி, காயவைத்து, பொடித்து எடுத்துப்போனேன். மேலதிகாரி சிரித்துக்கொண்டே அனுமதித்தார். காந்தம் இல்லாமல் ஒருமுறை, முழு பலத்தில் ஒருமுறை. ஸ்கேன் காந்தத்துக்கு எங்களுடையது ஏறக்குறைய சமம். உலோகத்தைப் போலக் கூராக இல்லாமல், எலும்பின் முகடுகள் மழுங்கி அகன்றிருந்தன. ஆனால் துளியும் நகரவில்லை.

இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்செடுத்து அவரிடம் நீட்டினேன்.

"ரெண்டுன்றே, ஒண்ணுதான் தெரியுது."

"அதாங்க விஷயமே! ஒண்ணும் ஆவல, பாருங்க."

"அது செத்த ஆடு," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "காந்தம் கெடக்கட்டும். ரிப்போர்ட்டுல ஏதாச்சும் வந்து, வண்டிய வுட்டு எறக்கிட்டாங்கன்னா?"

இத்தனை நாளும் நான் காந்தத்துக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன். மனிதர் பயந்தது வேறொன்றுக்கு.

"மரத்துப்போன காலோட ஜனங்கள ஏத்திக்கினு போவீங்களா?" என்று கேட்டேன். அச்செடுத்த தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, "நாளைக்கி லீவு போடு," என்றார்.

ஸ்கேன் மையத்தில் உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது என்றார்கள். பெல்ட், மோதிரம், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றித் தந்தார். கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து பஸ்ஸின் மாற்றுச் சாவி வந்தது. லீவு போட்ட அன்றே கம்பெனியில் ஒப்படைத்திருக்க வேண்டியது. அதை என் கையில் வைத்துவிட்டுக் கதவு வரை போனவர், திரும்பி வந்தார்.

"தொலைச்சிடாத," என்றார்.