தவறாத வெள்ளிக்கிழமைகள்

வெள்ளிக்கிழமைதோறும் நானும் மாமியாரும் கோமதி அம்மன் கோயிலுக்குப் போவோம். மாதவிலக்கு என்றால் நான் வீட்டிலேயே இருந்துவிடுவேன். அதனால் என் உடம்புச் சங்கதி ஊருக்கே தெரியும். நான் வராத வாரத்தில், "இந்த மாசமும் இல்லையா?" என்று கோயில் வாசல் பூக்காரி மாமியாரிடம் விசாரிப்பாள்.

ஒருமுறை இரண்டு மாதமாக ஒரு வெள்ளியும் தவறவில்லை. மாமியார் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து என் வயிற்றில் பூசினார். "மருமக முழுகாம இருக்கா" என்று கரிவலம்வந்தநல்லூரில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் போட்டார்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுக் கர்ப்பம் இல்லை என்றார். மனஅழுத்தம் கூடினால் அதற்கென்று சுரக்கும் ஹார்மோன் மூளைக்குப் போகுமாம். சினைப்பைக்கு, முட்டையை வளர்க்கச் சொல்லி அனுப்பும் கட்டளையை மூளை உடனே குறைத்துவிடுமாம். விலக்கு தள்ளிப்போனது அதனால்தானாம்.

"இவளுக்கு என்ன டென்ஷன்? வீட்டுல ஒரு வேலை சொல்லுதது கிடையாது" என்றார் மாமியார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூக்காரி மல்லிகையை முழம் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்:

"என்ன மக்கா, டென்ஷன் கொறஞ்சுட்டா?"