தங்கச்சி ஊருக்குப் போன போட்டி

பெண்களுக்கான ஜூனியர் மாநிலக் கபடிப் போட்டியை எந்த ஊரில் நடத்தலாம் என்று பார்க்கச் சங்கத்துக்காரர்கள் காரில் வந்து இறங்கியபோது, எங்கள் ஊரில் நான்தான் ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றேன். மணலூர்பேட்டைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அங்கே மகளிர் குழுவுக்கு நான் தலைவி. என் மகள் மாவட்ட அணியில் ஆடுகிறாள். ஜூனியர் வயது தாண்டுவதற்குள் ஒரு தடவையாவது அவள் எங்கள் ஊர் ஜனங்கள் முன்னால் ஆடிவிட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

வந்தவர்கள் மைதானத்தைச் சுற்றினார்கள். மழை பெய்தால் தண்ணீர் எங்கே வடியும் என்று கேட்டார்கள். பிறகு, "வெளியூர்ப் பொண்ணுங்க எங்க தங்கும்?" என்றார்கள். எங்கள் ஊர் ஆம்பளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்கள்? வந்தவர்கள் டீயைக் குடித்து முடித்ததும், கார் நேரே கல்வராயன் மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்குப் போனது. என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த ஊர். அங்கே ஆளாளுக்கு, "எங்க வூட்ல தங்கட்டுங்க" என்று முந்திக்கொண்டு வந்தார்களாம்.

"அக்கா, போட்டி எங்க ஊருக்கு வந்துடுச்சிக்கா!" என்று தங்கச்சி போனில் கத்தினாள்.

"சந்தோஷம்டி" என்றேன். சந்தோஷமாவது மண்ணாவது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன், பஸ் அவள் நிற்கிற இடத்தில் வந்து நிற்கும்.

போட்டிக்கு முந்தின நாளே நானும் போய்விட்டேன். மகளோடு துணைக்கு என்று பேர். உண்மையில் அவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்று பார்க்கத்தான் போனேன். அடேயப்பா, ரோடெல்லாம் புதுசாக ஜல்லி போட்டிருந்தார்கள். மைதானத்தின் நாலு மூலையிலும் உயரமாக விளக்குக் கம்பம். ராத்திரியைப் பகலாக்கிவிட்டது அந்த வெளிச்சம். எனக்குக் கண்ணைவிட வயிறுதான் ஜாஸ்தி எரிந்தது.

ஆனாலும் சறுக்கினார்கள். வந்த பிள்ளைகளை வீட்டுக்கு நாலு பேராகப் பிரித்துக்கொண்டார்கள். விருந்தாளி என்றால் முதல் வேளை கறிச்சோறு போடாமல் விடுவார்களா? கறிக்குழம்பு, முட்டை, கேசரி, பாயசம். பிள்ளைகள் "வேணாம்ங்க, காலைல எடை பாப்பாங்க" என்று கும்பிட்டுச் சொன்னார்கள். ஜூனியரில் எடைக்கு ஒரு வரம்பு உண்டு, கொஞ்சம் ஏறினாலும் ஆட விட மாட்டார்கள். அது இவர்களுக்கு எங்கே தெரியும்? கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார்கள். தங்கச்சிதான் முதல் ஆள். "புள்ளைங்க எலும்பும் தோலுமா இருக்குதுங்க, நல்லா துன்னட்டும்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் மகள் தட்டில் மட்டும் அவள் ஊற்ற வந்தபோது குறுக்கே கை வைத்தேன்.

விடிந்ததும் எடை மேடையில் ஒரே அழுகை. பாதிப் பேர் கூடுதலாக நின்றார்கள். பயிற்சியாளர்கள் கத்த, பிள்ளைகள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க ஏரிக்கரையில் ஓடினார்கள். பின்னாலேயே சோறு போட்ட பொம்பளைகளும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "ஐயோ எம்மா, எங்களாலதானே" என்று புலம்பிக்கொண்டே ஓடினார்கள். மாங்காய் விற்க மலையிலிருந்து இறங்கி வந்திருந்தவர்கள் கூடையை வைத்துவிட்டு நின்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒழிந்தது, அடுத்த வருஷம் இந்த ஊருக்குக் கிடையாது என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால் அத்தனை பேரும் எடைக்குள் வந்துவிட்டார்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

போட்டி முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகு ஒரு நாள், சங்கத்துக்காரர்கள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். போட்டியால் ஊருக்கு என்ன நல்லது, என்ன கெட்டது, அடுத்த வருஷம் இங்கேயா, மணலூர்பேட்டைப் பக்கமா என்று பேச. எங்கள் ஊர் சார்பில் நான் போனேன். ஆடின பிள்ளைகள் சார்பில் என் மகள் வந்தாள். அடுத்த வருஷம்தான் ஜூனியரில் அவளுக்குக் கடைசி.

நான் எழுந்து வெளுத்து வாங்கினேன். குளியல் தண்ணீர் தெருவில் ஓடியது, கரும்பு லாரிக்கு வழி அடைத்தது, எச்சில் இலையை மாடு தின்றது, மைக் சத்தத்தில் கைக்குழந்தைகள் அழுதது, எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கறிச்சோறு. தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். அவர்கள் பக்கத்து ஆட்கள் ரோட்டையும் விளக்கையும் சொன்னார்கள். சாயங்காலமானால் அந்த வெளிச்சத்தில் ஊர்ப் பெண்பிள்ளைகள் இப்போது கபடி ஆடுகிறார்கள் என்றார்கள். ஆடட்டும், யார் வேண்டாம் என்றது? அந்த வெளிச்சம் எங்கள் ஊரில் எரிந்திருக்க வேண்டியது.

"நீ இன்னாம்மா சொல்ற?" என்று என் மகளைக் கேட்டார்கள்.

"இங்கயே வையுங்க சார்" என்றாள்.

கூட்டம் முடிந்து வராந்தாவுக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "ஏன்டி, சொந்த ஊர விட்டுக் குடுத்துட்டியே! யாருக்காக நான் இவ்ளோ பேசினு இருந்தேன்?"

"நம்ம ஊர்ல வெச்சா நீ என்னப் பாக்க மாட்டம்மா. சித்தி ஊரவிட நல்லா நடக்குதான்னு பாத்துகினு இருப்ப."

"இன்னாடி பேசற நீ?"

"ஃபைனல்ல கடைசி ரெய்டு நான்தான் போனேன். நான் இன்னா பண்ணேன், சொல்லு பாப்பம்."

அந்த ரெய்டு நடந்தபோது நான் பந்தலுக்குப் பின்னால், அடைத்துக்கொண்ட சாக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கே அடைத்தது, எப்படி நாறியது எல்லாம் சொல்வேன்.

பின்னால் வந்த தங்கச்சிக்கு எங்கள் சண்டை ஒன்றும் புரியவில்லை. கூட்டத்தில் நான் கிழித்ததைக்கூட அவள் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

"நீ பாக்கலியாக்கா? அய்ய, இன்னாக்கா நீ! மூணு பேரு காலப் புட்ச்சிக்கினாங்க. வுட்டாளா? அப்படியே பல்லக் கட்ச்சிகினு இழுத்துகினு வந்து கோட்டத் தொட்டா பாரு!"

சொன்னதோடு நிற்காமல், முந்தானையை இடுப்பில் செருகி, வராந்தாத் தரையில் குப்புற விழுந்து, கையை நீட்டிக் காட்டினாள். என் மகள் கைதட்டிச் சிரித்தாள். "இன்னும் கொஞ்சம் தூரம் சித்தி, அங்கேருந்து இழுத்தேன்" என்றாள். தங்கச்சி பின்னால் தள்ளிப் போய் மறுபடி படுத்து, மறுபடி இழுத்துக்கொண்டு வந்தாள்.

ரோட்டுக்கும் விளக்குக்கும் நான் பட்டதெல்லாம் ஒரு பொறாமையா? அந்த வராந்தாவில் பட்டேனே, அதுதான் பொறாமை. பெற்றவள் நான். என் மகள் ஜெயித்ததை என் தங்கச்சி விழுந்து எழுந்து காட்டித்தான் நான் பார்த்தேன்.