மஞ்சள் வைத்த காடாத் துணி

முனையில் மஞ்சள் வைத்த துணி, சாயமிட்ட துணியா, சாயமிடாத துணியா? பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கேள்வி என்னைப் பிடித்தது. இன்றுவரை விட்டபாடில்லை.

சென்ற வாரம் தேரடித் தெருவில் மகனுக்குச் சட்டை எடுத்தேன். பிரித்ததும் கிளம்பிய கஞ்சி வாசனை என்னைச் செங்கம் சாலைக்கு அழைத்துப் போய்விட்டது. எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவருக்குத் துணி விற்ற செல்வி அக்காவின் கடை, நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடம், அங்கேதான் இருந்தது. அப்படி வந்துபோன ஒரு பெண்மணி, ஊர் திரும்பியபின் சில பெட்டிகள் காடாத் துணி கேட்டிருந்தார். அக்காவின் முதல் ஏற்றுமதி. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அடுத்த ஆர்டர் உண்டு. இல்லையேல் அங்கே வேலை பார்த்த பெண்கள் எல்லோரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

சுங்கத்துக்காகத் துணியை வகைப்படுத்தும் பொறுப்பு என்னுடையது. பருத்தி எவ்வளவு, சதுர மீட்டருக்கு என்ன எடை, வெளுத்ததா, சாயமிட்டதா, அச்சிட்டதா என்று ஒவ்வொரு விடைக்கும் ஓர் எண். எண்ணைப் பொறுத்தே வாங்குபவர் நாட்டில் வரி. 'முழுப் பருத்தி, வெளுக்காதது, சாயமிடாதது' என்று எழுதினேன். உலக வணிகமே என் பேனாவை நம்பி நிற்பதாக நினைப்பு.

பெட்டி கட்டும்போது ஒவ்வொரு துணியின் முனையிலும் அக்கா மஞ்சள் தடவினார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புதுத்துணிக்கு மஞ்சள் வைப்பதை நம் ஊரில் யார் கவனிக்கிறார்கள்?

சென்னைத் துறைமுகத்திலிருந்து எங்கள் சுங்க ஏஜெண்ட் தொலைபேசியில் கத்தினார். "இன்னாம்மா, சாயம் இல்லன்னு எழுதிக்கிற? பிரிச்சா எல்லாம் மஞ்சளா கீது! சாம்பிள லேபுக்கு அனுப்பணும்ன்றாரு ஆபீசர்."

"அது சாயம் இல்ல சார், மங்களம்."

"மங்களத்துக்கு நம்பர் இருக்குதா?"

இல்லை. சாயமிட்டது என்று மாற்றினால் பொய். இல்லவே இல்லை என்று சாதித்தால் கண்ணெதிரே மஞ்சள். இதற்குள் அக்கா, கடையில் மிச்சமிருந்த துண்டொன்றைச் சோப்புப் போட்டுக் கசக்கிப் பார்த்தார். மஞ்சள் சிவந்துவிட்டது.

"இப்ப ரெண்டு கலரா ஆயிடுச்சுக்கா."

"வாய மூடுடி. படிச்சவ பேசுற பேச்சா இது?"

லேப் முடிவு எப்போது வருமென்று யாருக்கும் தெரியவில்லை. அனுமதி வாங்கிப் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்தோம். மஞ்சள் பட்ட முனைகளை வெட்டிவிட்டு மறுபடி அனுப்புவதென்று முடிவாயிற்று. நான் கத்தரிக்கோலை எடுத்தபோது அக்கா பிடுங்கிக்கொண்டார்.

"வெச்சவதான் எடுக்கணும். நீ தள்ளு."

அத்தனை துணியையும் அவரே வெட்டினார். படிவத்தில் உள்ள எழுத்து துணியைப் போல இருக்கவேண்டும் என்றுதான் நான் படித்தேன். அன்று துணியை எழுத்தைப் போல ஆக்கினோம். அது சரியா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

துணி போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆர்டரும் வந்தது. யாருக்கும் வேலை போகவில்லை. அதன்பின் அந்தக் கடையிலிருந்து போன எந்தத் துணியிலும் மஞ்சள் இல்லை. தீபாவளிக்கு அக்கா எங்களுக்கு எடுத்துக் கொடுத்த புடவைகளிலும் இல்லை.