பிரேமினி டீச்சரின் வாய்மொழிப் பரீட்சை

டிக்கோயாவுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிரேமினி இங்கிலீஷ் டீச்சர். வாயை மூடிக்கொண்டு நிற்கிற பிள்ளைகளைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வராமல் என்ன செய்யும்? அவளே அப்படி நின்று வளர்ந்தவள்தானே. பக்கத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். தோட்டத்துத் துரை வந்தால் கையைக் கட்டு, தலையைக் குனி, கேட்டதற்குமேல் ஒரு சொல் பேசாதே என்று அம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்தாள். அந்தப் புண்ணியத்தில், கல்வியியல் கல்லூரி நேர்முகத்தில் பெயர் என்னவென்று இங்கிலீஷில் கேட்டபோது பிரேமினிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு அழுத அழுகையை அவள் இன்னும் மறக்கவில்லை.

அதனால் அவள் வைக்கிற வாய்மொழிப் பரீட்சையே வேறு மாதிரி. படத்தைக் காட்டி 'இது பசு, இது மரம்' என்று ஒப்பிக்க வைப்பதெல்லாம் அவளிடம் கிடையாது. பிள்ளை கையில் ஒரு குடையைக் கொடுத்துவிட்டு, அதைத் தரச்சொல்லி இங்கிலீஷில் கேட்பாள். தரமாட்டேன் என்று பிள்ளை இங்கிலீஷிலேயே மறுக்க வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். டீச்சர் கெஞ்சுவாள், மிரட்டுவாள், தலையில் அடித்துக்கொள்வாள். மசிந்தால் மார்க் போச்சு. முழு மார்க் வாங்கியவள் பத்தாம் வகுப்புச் சர்மிளா ஒருத்திதான். பிரேமினி முந்தானையால் கண்ணைத் துடைத்து விக்கி விக்கி அழுது காட்டியபோதுகூட, "நல்லா அழுங்க டீச்சர், குடை என்னோடதுதான்" என்று இங்கிலீஷிலேயே அடித்துவிட்டாள் கழுதை. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

அந்தச் சிரிப்பில் யார் கண் பட்டதோ, அடுத்த கிழமையே வெள்ளை வேன் ஒன்று பள்ளிக்கூடத்து ஏற்றத்தில் வந்து நின்றது. கொழும்பிலிருந்து ஓர் அம்மா இறங்கினார். பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகளின் இங்கிலீஷைச் சோதித்து, தேறுகிறவர்களைக் கொழும்பில் தங்கவைத்துக் கோர்ஸ் படிப்பிக்கப் போகிறார்களாம். பள்ளிக்கூடத்து அதிபருக்குத் தலைகால் புரியவில்லை. தாய்மாருக்கு ஆள் அனுப்பினார், தேத்தண்ணிக்குச் சொன்னார். பிரேமினிக்கும் பெருமைதான். சர்மிளாவை விட்டால் வேறு யார் தேறப் போகிறார்கள்?

சோதனை நடந்த அறையின் மூலையில் பிரேமினி உட்கார்ந்திருந்தாள். வெளியே மூடுபனி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. முதல் பிள்ளையிடம் அந்த அம்மா இங்கிலீஷில் சொன்னார்: "அந்தக் கோப்பையை எடு. கழுவு. துடைத்து வை." பிள்ளை செய்தாள். கேட்டு விளங்குகிறதா என்று பார்க்கிறார் போலும் என்று பிரேமினி நினைத்துக்கொண்டாள். அடுத்தவள் கொஞ்சம் துணிந்தவள். "தண்ணீர் கொண்டு வா" என்றதும், குழாய் வெளியே இருக்கிறது, மழை தூறுகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று அழகான இங்கிலீஷில் சொன்னாள். அந்த அம்மாவின் முகம் சுருங்கியது, அவளைப் போகச் சொல்லிவிட்டார். அப்புறம் வந்த கேள்விகளைக் கேட்டுப் பிரேமினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். குழந்தை அழுதால் தூக்கத் தெரியுமா? அப்பா வீட்டில் இருக்கிறாரா? போன் வைத்திருக்கிறாயா? உன்னைத் தேடி வர யாராவது இருக்கிறார்களா?

இது எந்தக் கோர்ஸ்? வீட்டு வேலைக்கல்லவா ஆள் பிடிக்கிறார்கள்! போன வருஷம் தோட்டத்தின் கீழ்ப் பிரிவிலிருந்து இப்படித்தான் 'படிக்க' என்று ஒரு பிள்ளை போனாள். திரும்பி வந்தபோது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சூட்டுத் தழும்பு. யார் என்ன கேட்டாலும் அவள் இன்றுவரை வாய் திறப்பதில்லை.

பிரேமினி எழுந்து போய் அதிபரின் காதில் சொன்னாள். "ஒங்க சந்தேகத்துக்கு மருந்தே இல்லயா டீச்சர்? பெரிய எடத்து மனுசங்க. சும்மா இருங்க" என்று அவர் சீறி விழுந்தார்.

வராந்தாவில் சர்மிளா தன் முறைக்காக நின்றாள். நன்றாகப் பேசுகிறவளைத்தானே கொண்டுபோவார்கள் என்று பிரேமினியின் பயந்த புத்தி கணக்குப் போட்டது. பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சர்மிளா, உள்ள போயி ஒரு வார்த்த பேசக் கூடாது. என்னா கேட்டாலும் தலயக் குனிஞ்சுக்கிட்டு நில்லு."

"ஏன் டீச்சர்? எனக்குத்தான் நல்லா வருமே!"

"காரணம் பொறகு சொல்றேன். இதுவும் ஒரு பரீட்சன்னு வச்சுக்க. நானே வந்து கெஞ்சினாலும் வாயத் தொறக்காத. வெளங்குதா?"

சர்மிளாவின் கண் மின்னியது. "வெளங்குது டீச்சர்" என்று உள்ளே போனாள். பிரேமினியும் போய்ப் பழைய மூலையில் உட்கார்ந்தாள்.

சொன்னபடியே செய்தாள். கோப்பையை எடுத்தாள், கழுவினாள், வைத்தாள். பெயரைக் கேட்டபோதுகூடத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அந்த அம்மா மூலையைப் பார்த்து, "இந்தப் பிள்ளை எப்பிடி டீச்சர்?" என்றார்.

"கேட்டா வெளங்கும் மேடம். பேச மட்டும் சுத்தமா வராது. ஒரு சொல்லு எதிர்த்துப் பேச மாட்டா" என்றாள் பிரேமினி. எப்படியோ தப்பவைத்துவிட்டேன் என்று மூச்சு விட்டாள்.

அந்த அம்மா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "இப்பிடி ஒரு பிள்ளையத்தான் தேடி வந்தோம். இன்றைக்கே கூட்டிக்கொண்டு போகலாம்."

பிரேமினி துள்ளி எழுந்தாள். பாவி, என் வாயாலேயே பிடித்துக் கொடுத்துவிட்டேனே!

கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு ஓடிவந்த சர்மிளாவின் அம்மா வேலாயி, கொழுந்து பறிக்க இடுப்பில் சுற்றிய ஈரப் படங்குத் துணி சொட்ட வாசலில் நின்றாள். "பேசத் தெரியாட்டி எப்பிடிம்மா கோர்ஸ் படிப்பா?" என்றாள், நம்ப முடியாமல்.

"அதெல்லாம் நாங்க பழக்கிக்கொள்ளுவோம்."

"வேலாயிக்கா, அனுப்பாதீங்க! இது கோர்ஸ் இல்ல, வீட்டு வேல. இவளுக்குப் பேச வரும், என்னயவிட நல்லா வரும். நான்தான் பொய் சொன்னேன்!"

"இப்பதானே வராது என்றீங்க?" என்று அந்த அம்மா கேட்டார், நிதானமாக. அதிபர் பல்லைக் கடித்தார். வேலாயிக்கு முகம் வாடிவிட்டது. "எம் புள்ள ஒரு நல்ல நெலமைக்கு வாரது ஒங்களுக்குப் பொறுக்கலயா டீச்சர்?" என்றாள்.

பிரேமினி சர்மிளாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பேசு சர்மிளா. போகமாட்டேன்னு இங்கிலீஷ்ல சொல்லு. நான் முந்திச் சொன்னத மறந்துரு. கும்புடுறேன், ஒரு வார்த்த பேசும்மா." அவள் கண்ணிலிருந்து நிஜமாகவே தண்ணீர் கொட்டியது.

சர்மிளா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாய் அசையவில்லை. ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி டீச்சரைப் பார்த்தாள். இந்தத் தடவையும் மசியவில்லை பார்த்தீர்களா என்ற பெருமை அந்தக் கண்ணில் இருந்தது.

"நல்ல பிள்ளை" என்று அந்த அம்மா அவள் கன்னத்தைத் தட்டிக் கையைப் பிடித்தார்.