சொந்த ஊரைச் சுற்றிப் பார்த்த நாள்

பேர்கன் நகரில் ஒருவர் உங்களைத் தன் வீட்டுக்கு அழைத்தால், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதோடு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார். நோர்வேக்குப் போன புதிதில் இது எனக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது. பக்கத்து வீட்டு இங்கெர் தன் மகளின் பிறந்தநாளுக்கு மூன்று மணி வரை என்று அழைத்திருந்தாள். நான் மூன்று தாண்டியும் உட்கார்ந்திருந்தேன். அவள் சிரித்த முகத்தோடு என் கோட்டை எடுத்து வந்து நீட்டினாள். ‘இருந்து சாப்பிட்டுப் போங்க’ என்று படலை வரை வந்து மறிக்கும் ஊரில் வளர்ந்தவளுக்கு அது பழக நாளெடுத்தது. பழகியும் விட்டது. அதனால்தானோ என்னவோ, போன விடுமுறையில் கண்டிக்குப் போயிருந்தபோது சிநேகிதி சுமதி, “நாளைக்கு நீ முழுக்க எங்களோடதான். ஆறு மணிக்குத்தான் வீட்டுல கொண்டாந்து விடுவோம்” என்று சொன்னது எனக்கு உறுத்தவில்லை. நம் ஊரில் யாரும் போகிற நேரத்தை முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

சுமதி மாநகரசபையில் கிளார்க். ரிஹானா அக்குறணையில் ஆசிரியை. பள்ளிக்கூடத்தில் மூவரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். காலையில் வாவியைச் சுற்றி நடந்தோம். பைரவகந்தை மேல் ஏறிப் பெரிய புத்தர் சிலையடியில் நின்று ஊரைப் பார்த்தோம். கண்டியில் பிறந்த நாங்கள் இவற்றையெல்லாம் ‘பார்க்க’ என்று ஒருநாளும் போனதில்லை; எல்லாம் போகிற வழியில் இருந்தன, அவ்வளவுதான். பேராதனைப் பூங்கா வாசலில் டிக்கெட் கொடுப்பவர் என் சப்பாத்தையும் கறுப்புக் கண்ணாடியையும் பார்த்துவிட்டு, “எந்த நாடு, மேடம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் துருப்பிடித்த சிங்களத்தில், “மம நுவர” என்றேன். நான் கண்டிதான் என்பது அதன் பொருள். அவரோ, நான் அடுத்து நுவரெலியாவுக்குப் போவதாக விளங்கிக்கொண்டு, “அங்கே நல்ல குளிர் மேடம், சுவெட்டர் எடுத்துப் போங்க” என்று அக்கறையோடு சொன்னார். பனிநாட்டிலிருந்து வந்தவளுக்குச் சுவெட்டர்! வயிறு நோகச் சிரித்தோம். நான் அப்படிச் சிரித்து எத்தனையோ வருடமாகியிருந்தது.

பூங்காவின் பெரிய அத்திமரத்தடியில் உட்கார்ந்து ரிஹானா கொண்டுவந்த பற்றிஸைச் சாப்பிட்டோம். என் கல்யாணத்துக்கு முன் கடைசியாக நாங்கள் மூவரும் வந்திருந்ததும் அங்கேதான். நோர்வேயிலிருந்து என்னைக் கட்டிப்போக வந்தவரின் போட்டோவை அன்று இருவரும் மாறிமாறிப் பார்த்து, நல்ல முகம் என்றார்கள். முகம் நல்லதுதான். கைதான் அப்படியில்லை. அந்த வீட்டைவிட்டு நான் இறங்கிவந்த மார்கழியில் எனக்கு அங்கே பேச ஒருவருமில்லை. இரவல் அறை ஒன்றிலிருந்து சுமதிக்குத்தான் போன் எடுப்பேன். இந்தப் பக்கம் அவள் அழுவாள். அம்மாகூட, “நீ செஞ்சது சரிதான் தாயி, உசிரோட இருக்கியே அது போதும்” என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இத்தனை காலம் அங்கே நிமிர்ந்து நடந்திருக்கிறேன்.

மதியத்துக்குப் பிறகு, “ஹந்தானைக்குப் போவோம், அப்பா வேல பாத்த பேக்டரியப் பாக்கணும்” என்றேன். சுமதி அவசரமாக, “அங்க வேணாம்டி, மழைக்கு அட்ட கடிக்கும்” என்றாள். அட்டைக்குப் பயந்தவர்களா நாங்கள்? ஹந்தானைக்குப் போகும் பாதை எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறது என்பது அப்போது எனக்கு நினைவில் வரவில்லை. சொல்லிவைத்தாற்போல மழை கொட்டியது. ஓடி ஒதுங்குவதற்குள் மூவரும் தெப்பமாக நனைந்துவிட்டோம். “வீட்டுக்குப் போய் உடுப்பு மாத்திக்கிட்டு வருவோம்” என்றேன். “வேணாம், டவுன்ல ஒரு சல்வார் வாங்கிப் போட்டுக்க” என்றாள் சுமதி. பத்து நிமிடத் தூரத்தில் வீடு இருக்கிறது. நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் மழையைப் பார்த்தாள்.

ரிஹானாதான் உடைந்தாள். “போதும் சுமதி. இனிப் பொய் சொல்ல எனக்கு ஏலா. வசந்தி, ஒன்ட வீட்டுல இன்டைக்கு தர்ஷினிக்கு மாப்பிள்ள வீட்டாக்கள் வந்தீக்கிறாங்க.”

தர்ஷினி என் அக்கா மகள். ஞாயிறு தவறாமல் வீடியோவில் என்னோடு பேசுகிறவள். எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகுதான் மற்றது விளங்கியது.

“என்னையக் கூட்டிக்கிட்டுப் போகச் சொன்னது யாரு?”

“அம்மாதான்” என்றாள் சுமதி. “கையப் புடிச்சிக்கிட்டுக் கேட்டாங்க. புருஷன விட்டுட்டு வந்தவ இருக்கிற வீடுன்னு தெரிஞ்சா அவங்க யோசிப்பாங்களாம். கோவிச்சுக்காத. நா என்ன பண்றது?”

நான் ஏன் விட்டுவந்தேன் என்பதை முதலிலிருந்து கடைசிவரை அறிந்தவள் அவள். என் உடம்பில் எங்கெங்கே தழும்பு என்பதுகூட அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து அவள் எடுத்த போட்டோக்கள், வாங்கித் தந்த வடை, கைகோத்து நடந்த நடை எல்லாம் ஒரே நொடியில் புளித்துப்போயின. நான் ஆட்டோ ஒன்றை மறித்து ஏறிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் இரண்டு வேன்கள் நின்றன. படியெல்லாம் செருப்பு. சொட்டச் சொட்ட உள்ளே போனேன். சுவரிலிருந்த எங்கள் குடும்பப் படம் கழற்றப்பட்டிருந்தது. நடுக்கதிரையில் இருந்தவர், மாப்பிள்ளையின் அம்மாவாக இருக்க வேண்டும், “யாரு இவங்க?” என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. “தெரிஞ்ச புள்ளதாங்க. நோர்வேல இருந்து வந்திருக்கு.”

அறைக் கதவு திறந்தது. கூறைச்சேலை மாதிரி சிவப்பில் ஒரு சேலை உடுத்தி நின்ற தர்ஷினி, “சித்தி!” என்று முகம் மலரக் கூப்பிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா திரும்பி, “சித்தியா?” என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் மன்னிப்புக் கேட்கும் பார்வை இல்லை. கெஞ்சல் மட்டுமே இருந்தது. பெற்ற அம்மா மறைத்ததைச் சொல்ல எனக்கு வாயிருந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.

“அப்பிடித்தான் கூப்பிடுவா” என்றேன்.

எனக்குக் கதிரை தந்தார்கள். விருந்தாளிகளுக்கென்று அலுமாரியில் பூட்டிவைக்கும் கோப்பையில் அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள். அந்தக் கோப்பையில் நான் குடித்தது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளையின் அம்மா என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். “கண்டி புடிச்சிருக்கா? எங்கெல்லாம் சுத்திப் பாத்தீங்க?” என்று கேட்டார். வாவி, பைரவகந்தை, பேராதனை என்று ஒப்பித்தேன். “நல்ல தமிழ் பேசுறீங்களே” என்று மெச்சினார். “தையில கல்யாணம். எங்க புசல்லாவையிலதான். தூரம்னு பாக்காம நீங்க கட்டாயம் வரணும்” என்று என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அவர்கள் போனபின் அம்மா, “ஒரு வார்த்தையில மானத்தக் காப்பாத்திட்ட தாயி” என்று என் தலையைத் துவட்ட வந்தார். நான் துவாயை வாங்கி நானே துவட்டிக்கொண்டேன். அன்று தர்ஷினி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “காலையில நீங்க ட்ரிப் போகணும்னு அடம் புடிச்சீங்கன்னு அம்மம்மா சொன்னாங்க. அது பொய்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்களும் ஏன் சித்தி ‘அப்பிடித்தான் கூப்பிடுவா’ன்னு பொய் சொன்னீங்க?”

சுமதியின் அழைப்புகளை நான் எடுப்பதில்லை. ஆனால் தைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். அந்தக் கல்யாணத்துக்கு என்னை வாய் நிறைய அழைத்தது அந்தப் புசல்லாவை அம்மா ஒருவர்தான். மண்டபத்தில் பெண் வீட்டார் ஒரு பக்கமும் மாப்பிள்ளை வீட்டார் மறுபக்கமும் உட்காருவார்கள். என் அக்கா மகள் தாலி கட்டிக்கொள்வதை, மாப்பிள்ளை வீட்டு வரிசையில் ஒரு கதிரையில் உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் இருக்கும் என் வீட்டாரைப் பார்த்தபடி நான் பார்ப்பேன்.