பக்கம் மாறிய மனைகள்

ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று தெரிந்தால் போதும், தெருவில் அத்தனை பேரும் வக்கீலாகிவிடுவார்கள். பால் ஊற்றுகிறவர் வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்பார். துணி தேய்க்கிறவர் மூலப்பத்திரம் அசல் இருக்கிறதா என்பார். எதிர்வீட்டுக்காரருக்கு, கட்டிக்கொடுத்த மகளும் வந்து கையெழுத்துப் போட வேண்டுமா என்பதில் தீராத சந்தேகம். பக்கத்து வீட்டு அண்ணன் தன் வீட்டை விற்கப்போகிறார் என்று தெரிந்தபோது எங்கள் தெருவும் அப்படித்தான் ஆனது. நான் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த விற்பனையை எப்படி நிறுத்துவது என்ற ஒரே யோசனைதான் எனக்கு இருந்தது.

அண்ணன் என் கூடப்பிறந்தவர் இல்லை. அவரும் என் கணவரும் கப்பலூரில் ஒரே பட்டறையில் லேத் ஓட்டியவர்கள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி மனை போட்டு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இருவரும் ஒரே நாளில் அடுத்தடுத்த மனைகளை வாங்கினார்கள். பதினேழாம் எண் மனை என் பெயரில். பதினெட்டு அண்ணன் பெயரில். இரண்டும் ஒரே அளவு. ஒரே கொத்தனாரை வைத்து, ஒரே நல்ல நேரத்தில் பூசை போட்டு, கையில் காசு சேரச் சேரக் கட்டினோம். எங்கள் வீடு கிழக்கே, அவர்கள் வீடு மேற்கே.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் காம்பவுண்டுச் சுவர் உண்டு. ஆனால் பின்பக்கம் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் கட்டினோம். அந்த இடைவெளி வழியாக எவ்வளவு குழம்பு போயிருக்கும், எவ்வளவு மாவு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. பொங்கலுக்கு முன்னால் நானும் அண்ணன் மனைவியான அக்காவும் சிம்மக்கல் போய் மொத்தக் கடையில் மிளகாயும் மல்லியும் மஞ்சளும் வாங்கி வந்து, அவர்கள் வீட்டுக் கூடத்தில் சாக்கை விரித்துப் பாதிப் பாதியாகப் பிரிப்போம். பிரிக்கும்போது அக்கா என் பக்கம் ஒரு கை கூடத் தள்ளுவார். நான் பார்த்துவிட்டால் திட்டுவேன். என் கணவருக்கு இரவு ஷிப்டு என்றால் அக்கா தலையணையோடு வந்துவிடுவார். என் மகன் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தது அந்த வீட்டுக் கூடத்தில்தான். அதை அன்று சாயங்காலம் அக்கா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன், அதற்காக இரண்டு நாள் பேசாமலும் இருந்தேன்.

அக்காவுக்கு அந்த வீட்டில் ஒரே ஒரு குறை. மேற்குச் சுவரை ஒட்டிய பொது இடத்தில் மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. ராப்பகலாக உறுமும். மழை வந்தால் பொறி தெறிக்கும். “உனக்கு ராசிடி, அந்தப் பக்கம் மனை அமைஞ்சுச்சு. எனக்குன்னு வந்து வாச்சிருக்கு பாரு” என்பார். நானும் வெட்கமில்லாமல் எங்கள் ஜாதக ராசியைப் பற்றிப் பெருமை பேசுவேன்.

போன வருடம் அண்ணனுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன, பேச்சும் தடுமாறியது. கோயம்புத்தூரில் இருக்கிற மகள் வந்து பார்த்துவிட்டு, இனி இவர்கள் தனியாக இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, தினமும் உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போய்வர வசதியாக, சின்னதாக ஒரு வீடு வாங்குவது என்று முடிவானது. இந்த வீட்டை விற்றால்தான் அந்த வீடு. வாங்குவதற்கு ஒரு இளம் தம்பதி வந்தார்கள். முன்பணம் கொடுத்து மூன்று மாதக் கெடுவில் ஒப்பந்தம் போட்டார்கள். கெடுவுக்குள் கிரையம் முடியவில்லை என்றால் அவர்கள் விலகிக்கொள்ளலாம். மீதிக்கு வங்கிக் கடன். அதனால் வங்கியிலிருந்து ஒரு பொறியாளர், மனை வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

அவர் வரைபடத்தைப் பார்த்தார், டிரான்ஸ்பார்மரைப் பார்த்தார், மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். பிறகு அண்ணன் வீட்டை விட்டுவிட்டு என் வீட்டை அளக்க ஆரம்பித்தார். நான் வாசலுக்குப் போய், “சார், விக்கிற வீடு அது” என்றேன்.

“பத்திரத்துல பதினெட்டாம் நம்பர் மனை இதுதாம்மா” என்றார் அவர்.

உள்ளே போய் என் பத்திரத்தை எடுத்துவந்து, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக நான்கெல்லை எழுதிய இடத்தைப் படித்தேன். பதினேழாம் எண் மனை, பொது இடத்துக்குக் கிழக்கு, பதினெட்டாம் மனைக்கு மேற்கு என்று தெளிவாக இருந்தது. டிரான்ஸ்பார்மரை ஒட்டிய மனைதான் என்னுடையது. நாங்கள் அவர்கள் மனையில் வீடு கட்டியிருந்தோம், அவர்கள் எங்கள் மனையில் கட்டியிருந்தார்கள். காகிதத்தின்படி அண்ணன் விற்கப்போனது என் சமையலறையையும் நான் துணி காயப்போடுகிற மொட்டை மாடியையும்தான். வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாம் அவரவர் குடியிருக்கும் வீட்டுக்கே வந்ததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

வாங்குகிறவர்களின் வக்கீல் நல்ல மனிதர், விளக்கிச் சொன்னார். இரண்டு பேரும் மனைகளை மாற்றிக்கொள்வதாகப் பரிவர்த்தனைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். அது பதிந்தால்தான் வங்கி கடன் தரும், அண்ணன் வீட்டை விற்க முடியும். அதற்கு மனைக்குச் சொந்தக்காரியான என் கையெழுத்து கட்டாயம் வேண்டும்.

அதைக் கேட்டபோது எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம் வந்தது. நான் கையெழுத்துப் போடாதவரை இவர்கள் எங்கேயும் போக முடியாது என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது.

நான் முடியாது என்று சொல்லவில்லை. அவ்வளவு நேர்மை எனக்கு அன்று இல்லை. மகனைக் கேட்க வேண்டும் என்றேன். அவன் சென்னையிலிருந்து வர ஒரு வாரமானது, வந்தவன் ஐந்து நிமிடத்தில் சரி என்று சொல்லிவிட்டான். ஆதாரில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி, அதைத் திருத்துவதில் கொஞ்ச நாளைக் கடத்தினேன். அதற்குள் ஆடி பிறந்தது. ஆடியில் யாராவது பத்திரம் பதிவார்களா, ஆவணி வரட்டும் என்றேன். சாமி விஷயம் என்பதால் எதிர்த்துப் பேச ஆளில்லை. என் கணவருக்கு மட்டும் புரிந்திருந்தது. “என்னத்த பண்ணிக்கிட்டிருக்கன்னு உனக்காச்சும் தெரியுதா?” என்று ஒருநாள் கேட்டார். நான் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினேன்.

ஆவணி பிறந்த நாலாவது நாள் காலையில் அழைப்பு மணி அடித்தது. திறந்தால் அக்கா. பின்பக்க இடைவெளி வழியாக வராமல், தெருவைச் சுற்றி முன்வாசலுக்கு வந்து மணி அடித்திருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் எங்கள் வீட்டு மணியை அடித்ததே இல்லை.

“உக்காரல” என்றார். “இந்த வாரத்தோட கெடு முடியுது. அவங்க வேற வீடு பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. இது கைய விட்டுப் போச்சுன்னா கோயம்புத்தூர் வீடும் போயிரும். உனக்கு என்னடி வேணும்? மனைய மாத்திக்குடுக்கப் பணம் எதுவும் எதிர்பாக்குறியா? வாய விட்டுக் கேளு, குடுக்குறேன்.”

எனக்கு வந்த கோபத்தில் காது அடைத்துவிட்டது. இம்புட்டு வருசம் பழகி என்னைய எடை போட்டது இவ்வளவுதானா என்று கத்தினேன். அக்காவை அங்கேயே விட்டுவிட்டு, நான் பின்பக்கமாகவே அண்ணனிடம் ஓடினேன். அவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே. யாரோ எண்ணத் தெரியாம எண்ணி மனைய மாத்திவிட்டதுக்கு, நான் காசு கேக்குறவன்னு அக்கா சொல்றாங்க.”

அவர் இடது கையைத் தூக்கி என்னை உட்காரச் சொன்னார். சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. “எண்ணத் தெரியாம... இல்ல தங்கச்சி. நான்தான்... மாத்துனேன்.”

பின்னாலேயே வந்த அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“மனை பாக்க வந்தன்னிக்கு... கைப்புள்ளயோட நின்ன. அந்தக் கரண்டுப் பொட்டியப் பாத்து... அழுத.”

எனக்கு அந்த வெயில் ஞாபகம் வந்தது. இடுப்பில் ஆறு மாதப் பிள்ளை. இந்த இழவுக்குப் பக்கத்தில் என் பிள்ளையை வளர்க்க மாட்டேன், விற்றுத் தொலையுங்கள் என்று பொட்டலில் நின்று என் கணவரோடு சண்டை போட்டேன். மறுநாள் காலையில் அண்ணன் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து, விசாரித்துவிட்டேன், நம்பரைக் கிழக்கேயிருந்து எண்ண வேண்டுமாம், உங்கள் மனை அந்தப் பக்கம், டிரான்ஸ்பார்மர் எங்கள் பக்கம்தான் என்றார். நான் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தேன்.

“பத்திரத்த... பெறகு மாத்திக்கலாம்னு இருந்தேன். நாள்... போயிருச்சு” என்றார் அண்ணன்.

“எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லலையே” என்றார் அக்கா.

“சொன்னா... நீ விட்டிருக்க மாட்ட.”

அக்கா படியேறி உள்ளே வந்தார். “விட்டிருக்க மாட்டேன்தான்” என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருடம் அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டு படுத்த மனுசனை, இப்போது மருந்துக்கும் மகளுக்கும் பக்கத்தில் போகவிடாமல் நான் இழுத்துப் பிடித்திருந்தேன். அதற்குப் பாசம் என்று பெயரும் வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. “நீங்க போறது எனக்குப் புடிக்கலக்கா. அதான் இழுத்தடிச்சேன். வேற ஒண்ணும் இல்ல” என்று சொன்னேன். அக்கா என் தலையில் குட்டினார். வலிக்கிற மாதிரியே குட்டினார்.

பத்திர எழுத்தர் இரண்டு நாளில் எழுதிக்கொடுத்தார். கெடு முடிவதற்கு முந்தைய நாள் டோக்கன் கிடைத்தது. மனை மாற்றம் அதற்குள் பதிந்துவிட்டால் கிரையத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பதாக வாங்குகிறவர்களும் ஒத்துக்கொண்டார்கள். வாடகைக் காரில் அண்ணனை உட்காரவைத்து நான்கு பேரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம். எங்கள் முறை வந்ததும் முதலில் அண்ணனைக் கேட்டார்கள். பத்திரத்தில் எழுதியிருப்பது தெரியுமா, சம்மதமா என்று பதிவாளர் கேட்க, அண்ணன் அந்தச் சொல்லைத் தேடி எடுக்கும்வரை அவர் பொறுமையாகக் காத்திருந்தார். “சம்மதம்” என்றார் அண்ணன். போட்டோ எடுத்து, இடது கைப் பெருவிரலை வைத்தார்கள்.

அடுத்து நான். “படிச்சுப் பாத்தீங்களாம்மா? முழுச் சம்மதந்தானா?”

சொல்லிப் பார்த்து வந்த வார்த்தைதான். வாயைத் திறந்தேன். “சம்மதம் இல்ல சார்” என்று வந்துவிட்டது.

என் கணவர் என் முழங்கையைப் பிடித்தார். பதிவாளர் பேனாவை மூடிவிட்டு, “யாரும் கட்டாயப்படுத்தி இருந்தா சொல்லுங்க, பதிய வேண்டாம்” என்றார். திரும்பிப் பார்த்தேன். அக்காவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

“அய்யோ, பத்திரத்துல எழுதுனதுக்கெல்லாம் சம்மதம் சார். மனைய மாத்திக்கிறதுக்குச் சம்மதம். இவங்க ஊர விட்டுப் போறதுக்குத்தான் சம்மதம் இல்ல.”

அவர் அக்காவைப் பார்த்தார், நாற்காலியில் இருந்த அண்ணனைப் பார்த்தார். “அத நாங்க கேக்குறதில்லம்மா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ரேகை பதிக்கும் கருவியை என் பக்கம் தள்ளினார்.

பெருவிரலை வைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி வைத்தேன். கண்ணைத் துடைத்த ஈரக் கை, அதுவும் எடுக்கவில்லை. இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார்களோ என்று என் கணவர் எட்டிப் பார்த்தார். அக்கா வரிசையை விட்டு முன்னால் வந்தார். என் கையைப் பிடித்து, விரலை முந்தானையில் அழுத்தித் துடைத்தார். பிறகு என் பெருவிரல் மேல் தன் விரலை வைத்து, கருவியின் மேல் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஆடாம இருடி” என்றார்.

பச்சை விளக்கு எரிந்தது. பதிவாளர் எடுத்துக்கலாம் என்று சொல்லியும், அக்கா விரலை எடுக்கவில்லை.