பாதி காலியாக இருந்த டேப்

சிதம்பரத்தில் ஒரு சின்ன வானொலி நிலையத்தில் பழைய ஒலிப்பதிவுகளைக் கம்ப்யூட்டரிலிருந்து டேப்பில் ஏற்றிப் பாதுகாப்பது என் வேலை. ஒரு டேப்புக்கு இத்தனை ஃபைல்தான் என்று எங்கள் மென்பொருளுக்கு ஒரு வரம்பு. நேயர்கள் போனில் பேசியதெல்லாம் குட்டிக் குட்டி ஃபைல்கள். பாதி டேப் காலியாக இருக்கும்போதே வேலை நின்றுவிடும். எரிச்சலில் எல்லாவற்றையும் சுருக்கி ஒரே பெரிய ஃபைலாகக் கட்டி ஏற்றினேன். என்னை நானே மெச்சிக்கொண்டு, ஏறியது சரியாகத் திறக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன்.

போன மாதம் கடலோர முதுநகரிலிருந்து ஒரு அம்மா வந்தார். கடலுக்குப் போய்த் திரும்பாத கணவர் ஒருமுறை எங்கள் நிகழ்ச்சியில் பேசியிருந்தாராம்.

"நான் அன்னிக்கு மீன் விக்கப் போயிட்டேன், கேக்கல. அவுரு கொரலு வேற எதுலயும் இல்ல தம்பி."

டேப்பில் ஒரே ஒரு இடம்தான் கெட்டிருந்தது. தனித்தனி ஃபைலாக இருந்திருந்தால் ஒன்றிரண்டு போயிருக்கும். ஒரே கட்டாக இருந்ததால் எதுவுமே திறக்கவில்லை. மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"நீங்கதான ஏத்துனீங்க, கேட்டிருப்பீங்கல்ல? என்ன பேசுனாருன்னாவது சொல்லுங்க."

அதில் ஒரு குரலைக்கூட நான் கேட்டதில்லை. எத்தனை ஃபைல் என்று மட்டும்தான் பார்த்திருந்தேன்.